பானட்டில் தெரிகிற ஆள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிவப்பு ரோடு ரோலரைப் போட்டோ எடுத்தேன். கட்டிலில் போர்வை, போர்வை மேல் ரோலர், உச்சியில் டியூப் லைட். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆள் மாதிரி படுத்துக் கிடந்தது, பாவம். பரவாயில்லை என்று ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே 'விற்பனைக்கு' என்று டைப் அடிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை அடிப்பதற்குள் டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

பின்னறை முழுக்க என் வண்டிகள்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற கார், லாரி, பஸ், டிராக்டர். எல்லாம் உலோகத்தில் வார்த்த மாடல்கள். சுவருக்குச் சுவர் கண்ணாடி அலமாரி. பள்ளிக்கூட நாளில் ஆரம்பித்த பைத்தியம், மில்லில் எலக்ட்ரீஷியன் ஆன பிறகு முற்றிவிட்டது.

ரஞ்சனி கேட்டது அந்த அறையை. ஆனி மாதம் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்கு இருப்பது ஒற்றை அறை வீடு, பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆள் இல்லை. "அப்பாவ இங்க கூட்டிட்டு வந்திருதேன். பின் ரூமை மட்டும் ஒழிச்சுக் குடுங்க" என்றாள். "பாக்கலாம்" என்றேன். பத்து நாள் கழித்துக் கேட்டாள். "பாக்கலாம்." மூன்றாவது தடவை கேட்கவில்லை, பையில் துணியை எடுத்து வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில், "அம்புட்டையும் வித்துத் தொலைச்சிருதேன், போதுமா?" என்று கத்தினேன். "வித்துட்டுச் சொல்லுங்க" என்று பஸ் ஏறிவிட்டாள்.

கத்தியாயிற்று. இனி விற்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ரோலரை யாரும் கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் அந்த 'அப்பாடா'வை நினைத்து என் மேலேயே எரிச்சல்.

ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் வரிசையில் ரஞ்சனி இருக்கிறாள். காலையிலேயே பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவளுக்கு வேலை தளவாய்புரத்தில், நைட்டி கம்பெனியில். தைத்து வருகிற நைட்டிகளை ஆன்லைனில் விற்கப் போட்டோ எடுக்கிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தளவாய்புரம் போக வேண்டுமென்றால் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதாவது என் பெண்டாட்டி தினமும் இரண்டு தடவை என் ஊர் வழியாகப் போகிறாள். இறங்குவது மட்டும் இல்லை.

இன்று பழைய பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் நின்றேன். வந்தாள். ஜன்னலோரம். மஞ்சள் சுடிதார், முன்பு நான் எடுத்துக்கொடுத்தது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் டீ குடிக்க இறங்கியதால் பஸ் செத்த நேரம் நின்றது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் "வித்தாச்சா?" என்பாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், பஸ் போய்விட்டது.

துபாய்க்குப் போன பெண்டாட்டி என்றால் ஏங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரைமணி நேரப் பஸ் தூரத்துக்கு இப்படி ஏங்குகிறவனை என்னவென்று சொல்வது?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாடல் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் பத்து வண்டிகளைப் போட்டேன். "அண்ணே, டயரே தெரியல", "இது காரா, சோப்பு டப்பாவா?" என்று பதில்கள். மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ரஞ்சனியிடமிருந்து மெசேஜ். அவள் போன பிறகு வந்த முதல் மெசேஜ்:

"மேலேருந்து எடுக்காதீக. கீழ இறங்கி வண்டி உசரத்துக்கு வாங்க."

அவ்வளவுதான். சாப்பிட்டீகளா, இருக்கீகளா, ஒன்றும் இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து எடுத்தேன். அட! ரோலர் எழுந்து நின்றது. ரோட்டில் எதிரே வருகிற மாதிரி. வீட்டுக்காரர் சுப்புராஜின் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ஏமய்யா, மேலுக்கு முடியலையா? ரஞ்சனிக்குப் போன் போடவா?" என்றார். போடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரோலர் விற்றுப் போய்விட்டது. மார்த்தாண்டத்துக்காரர், ஜெபின் என்று பெயர். பபுள் கவரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொரியரில் கொடுத்தேன். "உள்ள என்ன சார்?" என்று கேட்டார்கள். "ரோடு ரோலர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அலமாரியில் அது நின்ற இடத்தில் தூசி படியாமல் ரோலர் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

அவள் மெசேஜ்கள்:

"டியூப் லைட்டை அமத்துங்க. ஜன்னல் போதும்."

"ஜன்னல் கம்பியில பட்டர் பேப்பர் ஒட்டுங்க. வெயில் நேரா அடிச்சா கண்ணு கூசும்."

"வெள்ளை சார்ட்டை மடிக்காம வளைச்சு வைங்க. பின்னால கோடு தெரியக் கூடாது."

நான்: "சாப்பிட்டியா?"

அவள்: "நிழல் ஒரு பக்கமா விழட்டும்."

எங்களுக்குள் இப்போது வெளிச்சத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. இந்த மட்டுக்கும் இருக்கிறதே.

செப்டம்பர் 16, செவ்வாய்

பஸ்ஸில் அவள் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் இல்லை. பொறுக்க முடியாமல் போன் போட்டேன். மாமாவுக்குக் காய்ச்சலாம். பக்கத்து வீட்டு சுடலைமாடத்தி பெரியம்மாதான் பகலில் பார்த்துக்கொள்வது வழக்கம், அந்த அம்மாவும் ஊருக்குப் போய்விட்டதாம். குரல் களைத்திருந்தது. "லீவு கேட்டுக் கேட்டு ஓனருக்கும் சலிச்சுப் போச்சு. வேலைய விட்டுட்டு இங்கனயே இருந்துரலாமான்னு பாக்கேன்" என்றாள்.

இங்கனயே என்றால்? எத்தனை நாளைக்கு? கேட்க வாயெடுத்தேன். மாமா உள்ளிருந்து கூப்பிட, "பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். பொறவு பேசவில்லை.

வேலையை விட்டுவிட்டால் அவளுக்கு இந்தப் பக்கம் வர ஒரு பஸ்கூட வேண்டியதில்லை. இது வரைக்கும் நான் ஏதோ அவள் முறைத்துக்கொண்டு போயிருக்கிறாள், சரியாகிவிடும் என்றே இருந்திருக்கிறேன். அப்படி இல்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

அலமாரியில் பாதி காலி. வேகமாக எடுக்கிறேன், வேகமாக அனுப்புகிறேன். ஜெபின் ஒரு தட்டு டிராக்டர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர், வாய் மட்டும் அடங்காது.

இன்று கருநீல வேன் ஒன்றைப் போட்டிருந்தேன். "அண்ணே, வண்டிக்குள்ள டிரைவரக் காணோம். பானட்டுல நிக்காரே, லுங்கி கட்டிட்டு!" என்று எழுதினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், நான்தான். தொப்பை, லுங்கி, கையில் போன். பளபளப்பான பெயிண்டில் எதிரே நிற்பவன் தெரிவான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்க்கிறபோது வண்டியைத்தானே பார்க்கிறோம்?

ரஞ்சனியும் பார்த்துவிட்டாள். "கறுப்புத் துணில ஓட்டை போட்டு, போன் கண்ணு மட்டும் வெளிய தெரியுத மாதிரி வச்சு எடுங்க. விக்கிற பொருள்ல விக்கிற ஆளு தெரியக் கூடாது. எங்க கம்பெனில முதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான்."

பழைய குடைத்துணியில் ஓட்டை போட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தேன். நான் மறைந்துவிட்டேன். வேன் நன்றாக வந்தது. வீட்டில் தனியாக இருக்கிறவன் போட்டோவிலும் இல்லாமல் போனதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மில்லில் மோட்டாருக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்தேன். பைக்கைக் கழுவி மாலை போட்டேன். அப்புறம் பின்னறை.

வருஷா வருஷம் இது ரஞ்சனியின் வேலை. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், "வண்டின்னா எல்லாம் வண்டிதான?" என்று சின்னத் தட்டில் சந்தனம் குழைத்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு வண்டிக்கும் பொட்டு வைத்தாள். நான் மில்லிலிருந்து வருவதற்குள் முடித்திருப்பாள். வந்து பார்த்தால் எல்லா வண்டியும் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த வருஷம் மிச்சமிருக்கிறவற்றுக்கு நானே வைத்தேன். என் கைக்குப் பொட்டெல்லாம் கோணலாக வந்தது. இருக்கட்டும், விற்றுப் போகிற வண்டிகள் பொட்டு வைத்துக்கொண்டு போகட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

துடைத்தேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் போகவில்லை. வெள்ளை வண்டிகளில் பானட்டுக்குப் பானட்டு ரோஸ் கலரில் ஒரு வட்டம். தேங்காய் எண்ணெய், ஷாம்பு, டூத் பேஸ்ட், எல்லாம் பார்த்தாயிற்று. தேய்த்த இடத்தில் பெயிண்ட் மங்கியதுதான் மிச்சம்.

ஒருவேளை போட்டோவில் தெரியாதோ என்று ஒரு பத்மினி காரை எடுத்துப் போட்டேன்.

சிறிது நேரத்தில் போன். ரஞ்சனியே கூப்பிட்டாள்.

"வெள்ளைப் பத்மினி மூஞ்சி ஏன் செவந்திருக்கு?"

"குங்குமம் வச்சேன்."

"டேப் ஒட்டலையா?"

"என்ன டேப்பு?"

"செல்லோ டேப்ப பொடிசா வெட்டி மொதல்ல ஒட்டிட்டு, அதுக்கு மேலதான குங்குமம் வைப்பேன். மறுநா உரிச்சிருவேன். நேரா வச்சா பெயிண்டு போயிரும்லா. நீங்க உசிரா வச்சிருக்கிற வண்டி."

"எனக்குத் தெரியாதே, ரஞ்சனி."

"நீங்க எங்க பாத்தீக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். அப்புறம், "கறைய மறைக்காம எடுங்க. வாங்குதவங்க பாத்து வாங்கட்டும்" என்று வைத்துவிட்டாள்.

மேஜை டிராயரைத் திறந்து பார்த்தேன். செல்லோ டேப் சுருள், சின்னக் கத்தரிக்கோல், தீக்குச்சிகள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில். அந்த டிராயரை நான் தினமும் திறக்கிறேன், ஸ்க்ரூ டிரைவர் எடுக்க.

இத்தனை வருஷமும் அவளுக்கு இந்த வண்டிகளைக் கண்டால் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! நூற்றுச் சொச்சம் வண்டிக்கு நூற்றுச் சொச்சம் டேப் துண்டு வெட்டியிருக்கிறாள். வெட்டி, ஒட்டி, பொட்டு வைத்து, மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு உரித்து… எனக்கு அவளைப் பார்க்கணும். இப்பமே பார்க்கணும். பார்த்து என்ன சொல்லப் போறேன், அது தெரியல.

அக்டோபர் 6, திங்கள்

டீக்கடையில் நின்றேன். பஸ் ஜன்னலில் அவள், வேலையை இன்னும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கையைத் தூக்கினேன். அவளும் லேசாகத் தூக்கினாள், கம்பியைப் பிடிக்கப் போன கைதானா என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்குத் தூக்கியது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாமாவுக்கு வேஷ்டி சட்டை, அவளுக்குச் சேலை. சட்டைப்பையில் கறுப்பு அம்பாசடர்.

மாமா வேலுசாமி ஒரு காலத்தில் சொந்தமாகக் கறுப்பு அம்பாசடர் வைத்து வாடகைக்கு ஓட்டினவர். எங்கள் கல்யாணத்துக்கு ஊர்வலம் வந்ததும் அதில்தான், ஓட்டினதும் அவரேதான். பெண்ணின் அப்பா ஸ்டியரிங் பிடிக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கு, "எம் பிள்ளைய நாந்தான் கொண்டு விடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வண்டியைப் பின்னால் விற்றுவிட்டார். அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து நான் வாங்கியது, இந்த மாடல். நான்கு கதவும் திறக்கும்.

கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்து, இடது கையை மெல்ல இழுத்துக் கொண்டுவந்து, ஆள்காட்டி விரல் நகத்தால் டிரைவர் கதவை நெம்பப் பார்த்தார். விரல் நடுங்கியது. வழுக்கியது. மறுபடி. மறுபடி. ரஞ்சனி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "கைக்குப் பயிற்சின்னு பந்தக் குடுத்து அமுக்கச் சொன்னா ஒரு நா அமுக்க மாட்டாரு" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

கதவு திறக்கவில்லை. வேர்த்துவிட்டது அவருக்கு. வண்டியைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்து, குழறிய குரலில், "மாப்ளை… பத்திரம்" என்றார்.

கிளம்பும்போது வாசலில் ரஞ்சனியிடம் சொன்னேன்: "இதுவும் அந்தக் கறை பட்ட வண்டிகளுந்தான் பாக்கி. இதையும் போட்டுட்டா ரூமு காலி."

"போட்டோ நான் எடுக்கேன். நீங்க எடுத்தா நீங்கதான் தெரிவீக" என்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

வரவில்லை. மழை. மாமாவை விட்டுவிட்டு வர ஆள் இல்லையாம். கறை பட்ட வெள்ளை வண்டிகளைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புதுப் பெயிண்ட் அடித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். பொட்டு தெரியும்படியாகவே எடுத்துப் போட்டேன். நான் எடுத்ததிலேயே நல்ல போட்டோக்கள் அவைதான்.

நவம்பர் 9, ஞாயிறு

வந்தாள்.

மூடாக்கு. மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்னறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். வெறும் அலமாரி, வெறும் சுவர். மேஜையில் ஒரே ஒரு அம்பாசடர்.

"அம்புட்டையும் வித்துட்டீகளா?"

"சொன்னேன்லா."

"நான் ரூமைத்தான கேட்டேன்" என்றாள். "வண்டிய விக்கவா சொன்னேன்? நீங்க கத்துனதுக்குத்தான 'வித்துட்டுச் சொல்லுங்க'ன்னேன். ரெண்டு அலமாரிய முன்னறையில போட்டிருந்தா முடிஞ்சு போச்சு."

முடிந்து போயிருக்கும். இரண்டு அலமாரி. அன்றைக்கு நான் 'பாக்கலாம்' என்று சொல்லாமல் எழுந்து அந்த அறையைப் பார்த்திருந்தால், எனக்கே தோன்றியிருக்கும். காலி அலமாரியில் அவள் விரலை வைத்து, ரோலர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். கேட்காமலே கண்டுபிடித்தாள். அழுகை வந்தது எனக்கு. அவளுக்கும் வந்தது என்று நினைக்கிறேன், "வெளிச்சம் போயிரும், சார்ட்டப் பிடிங்க" என்று அதட்டினாள்.

ஜன்னலுக்கு எதிரே நான் வெள்ளைச் சார்ட் பிடித்தேன். "செத்த கிட்ட." போனேன். "இன்னும் கிட்ட." தோள் இடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தாள். குடைத்துணியை எடுத்து வைத்திருந்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். என் போனிலேயே எடுத்து, அவளே குழுவில் போட்டாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கூடிவிட்டது, குடித்தாள். நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டா நல்லாருக்கும்" என்றாள்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் அளந்து பார்த்துவிட்டேன், கட்டில் நன்றாகப் பிடிக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜெபினின் மெசேஜ்: "அண்ணே, அம்பாசடர் அம்சமா இருக்கு. எனக்கே வேணும். ஆனா பானட்டுல ரெண்டு பேரு நிக்குதாவளே? பெயிண்டு சரியா தெரியல. இன்னொரு போட்டோ எடுத்து விடுங்க."

பெரிதாக்கினேன். கறுப்பு பானட்டில், நகத்தளவுக்கு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள். பக்கத்தில் சார்ட்டோடு அவள் மேல் சாய்ந்த மாதிரி நான். பின்னால் வெள்ளையாக ஜன்னல்.

நைட்டியில் ஒரு நூல் பிசிறு தெரிந்தால்கூடத் திரும்ப எடுக்கிறவள் அவள். உடனே போன் போட்டேன். பஸ் இரைச்சல்.

"ரஞ்சனி, பானட்டுல நாம தெரியுதோம்."

"தெரியாமலா போட்டேன்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"விக்கிற பொருள்லதான ஆளு தெரியக் கூடாது" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழம வேன் சொல்லி வைங்க. அப்பாவ உக்கார வச்சுக் கூட்டிட்டு வரணும், பஸ்ஸு சரிப்படாது."

ஜெபினுக்கு 'விற்பனைக்கு இல்லை' என்று அனுப்பினேன். டீ ஆறவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மாமா வந்தாயிற்று. ரோலர் நின்ற தட்டில் அவருடைய மாத்திரை டப்பா. அந்த இடத்தைப் பார்க்கும்போது இப்போதும் சுருக்கென்கிறது, அது போகாது போலிருக்கிறது.

அம்பாசடர் அவர் கையில். சாயங்காலம் இடது விரலால் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். மூட முடியவில்லை. நான் கை நீட்டப் போனேன், ரஞ்சனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.